பாப்புலிசமா, சோஷியல் கிரெடிட்டா: கடனில் கிடந்த விவசாயிக்கு எது கைகொடுத்தது?

பாப்புலிசம் அமெரிக்க விவசாயிகளின் அரசியல் இயக்கம், சோஷியல் கிரெடிட் எல்லோருக்கும் அரசே பணம் தரவேண்டும் என்ற பொருளாதாரக் கொள்கை. இரண்டுமே ஒரே கோபத்தில் பிறந்தவை: உழைக்கிறவன் கையில் காசு தங்குவதில்லை, கடனின் கடிவாளமோ வங்கிகளிடம் இருக்கிறது. அதனாலேயே பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். (சோஷியல் கிரெடிட் என்றே அழைக்கப்படும் சீனாவின் குடிமக்கள் மதிப்பீட்டு முறை வேறு கதை, அதை விட்டுவிடலாம்.)

முதலில் பாப்புலிசம். 1890களில் அமெரிக்கத் தெற்கின் பருத்தி விவசாயி, விதைப்பதற்கு முன்பே விளைச்சலைக் கடைக்காரரிடம் அடகு வைத்துத்தான் உரமும் மாவும் வாங்குவார். அறுவடை முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வேண்டிய நெருக்கடி, விலை சரியும், கணக்கு தீராது, அடுத்த வருஷமும் அதே கடை, அதே கடன். இதற்கு விவசாயிகள் கூட்டணி என்ற அமைப்பு சொன்ன வழி: அரசே கிடங்கு கட்டட்டும், உள்ளே வைத்த பருத்தியின் மதிப்பில் 80 சதவீதம் வரை கடனாகக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கட்டும், விலை ஏறும்போது விவசாயி விற்கட்டும். 1892இல், இந்த இயக்கத்திலிருந்து பிறந்த மக்கள் கட்சி இதோடு படிநிலை வருமான வரி (வருமானம் கூடக் கூட வரி விகிதமும் கூடும்), செனட்டர்களுக்கு நேரடித் தேர்தல் எல்லாவற்றையும் கேட்டது. கிடங்குத் திட்டம் நிறைவேறவில்லை. 1896இல், வெள்ளி நாணயம் அடித்துப் பணப்புழக்கத்தைக் கூட்டச் சொன்ன கோஷமே பெரிதாகி, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பிரையனை ஆதரித்துத் தோற்றதோடு கட்சியும் கரைந்தது. கறுப்பின விவசாயிகளோடு சேர்ந்து நிற்கச் சொன்ன கட்சித் தலைவர் டாம் வாட்சனே பிற்பாடு இனவெறி பேசினார், அது மன்னிக்க முடியாத சறுக்கல். ஆனாலும் கூட்டாட்சி வருமான வரிக்கும் செனட்டர்களின் நேரடித் தேர்தலுக்கும் 1913இல் அரசியலமைப்பிலேயே இடம் கிடைத்தது.

சோஷியல் கிரெடிட், மேஜர் டக்ளஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் கண்டுபிடிப்பு. ஒரு ஆலை கூலியாகவும் லாபப் பங்காகவும் தருவது 'அ', மூலப்பொருளுக்கும் வங்கிக்கும் தருவது 'ஆ'. விலையில் இரண்டும் சேர்கிறது, மக்கள் கையிலோ 'அ' மட்டும்தான், ஆகவே அரசு புதுப்பணம் உருவாக்கி எல்லோருக்கும் தேசிய ஈவுத்தொகை தரவேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 'ஆ'வும் வேறெங்கோ ஒருவருக்குக் கூலியாகப் போய்ச் சேர்கிறதே! கணக்கின் இந்த ஓட்டை கடைசிவரை அடைபடவில்லை. போதாததற்கு டக்ளஸ், இதெல்லாம் யூதர்களின் சதி என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் வானொலிப் பிரசங்கி ஏபர்ஹார்ட் டக்ளஸின் யோசனையைக் கையிலெடுத்தார். வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் என்று சொல்லி, அவருடைய கட்சி 1935 மாகாணத் தேர்தலில் 63 இடங்களில் 56ஐ வென்றது. அந்த மாதப்பணம் வரவே இல்லை. 1936இல் வந்தது செழிப்புச் சான்றிதழ்: ஒரு டாலர் தாள், செல்லுபடியாக வேண்டுமானால் வாராவாரம் ஒரு சென்ட் வில்லை ஒட்டவேண்டும். அதுகூட டக்ளஸ் யோசனை கிடையாது, சில்வியோ கெசல் என்பவருடையது! வங்கிகளைக் கட்டுப்படுத்த ஏபர்ஹார்ட் போட்ட சட்டங்களை ஒட்டாவாவிலிருந்த கனடா மத்திய அரசு ரத்து செய்தது, ஏனென்றால் பணமும் வங்கியும் மாகாணத்தின் அதிகாரத்தில் இல்லை.

அப்புறம் எனக்கு எது மேல்? தயங்காமல் பாப்புலிசம், அதாவது அந்தப் பழைய விவசாயிகளுடையது. அவர்கள் கேட்ட கடனுக்குப் பின்னால் கிடங்கில் நிஜப் பருத்தி இருந்திருக்கும், யார் சட்டம் போடவேண்டும், யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. டக்ளஸோ, என்ன வேண்டும் என்பதை மட்டும் மக்கள் சொல்லட்டும், எப்படி என்பதை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். எல்லோருக்கும் ஒரு பங்கு என்ற அவருடைய ஆசை எனக்கும் உண்டு, ஆனால் கடனில் மூழ்கியவனிடம் 'எப்படி என்று கேட்காதே' என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.