சொந்த டி.எல்.எல்.லை பவர்ஷெல்லில் ஓட்டலாமா? தாராளமாக ஓட்டலாம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்கிற சில கம்பெனிகளுக்கு நாங்கள் இன்வாய்ஸ் கணக்கு பார்க்கிறோம். ஜி.எஸ்.டி., தள்ளுபடி, பைசா ரவுண்டிங் எல்லாம் சி ஷார்ப் மொழியில் எழுதிய ஒரே டி.எல்.எல்.லுக்குள் (மற்ற புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் கோடு ஃபைல்) இருக்கிறது. மாதக் கடைசியில் ஃபோல்டர் நிறைய சி.எஸ்.வி. (கமா போட்டுப் பிரித்த அட்டவணை) ஃபைல்கள் வந்து விழும், அதைச் சரிபார்க்கத் தனி மென்பொருள் எழுதி, பட்டன் வைத்து, ஒவ்வொரு மெஷினிலும் இன்ஸ்டால் பண்ணி என்று இழுத்துக்கொண்டிருக்காமல், அந்த டி.எல்.எல்.லை, கட்டளை டைப் பண்ணி வேலை வாங்கும் பவர்ஷெல்லிலேயே ஏற்றி வேலையை முடித்துவிடுகிறோம்.

ஆட்-டைப் (Add-Type) கட்டளை போட்டு ஃபைல் இருக்கும் பாத்தைக் கொடுத்தால் போதும், உள்ளே இருக்கும் பப்ளிக் கிளாஸ் (வெளியிலிருந்து பயன்படுத்தக்கூடிய கோடு தொகுப்பு) எல்லாம் கைக்கு வந்துவிடும். நியூ-ஆப்ஜெக்ட் (New-Object) போட்டு அதில் ஒன்றை உண்டாக்கி கெட்-மெம்பருக்கு (Get-Member) பைப் பண்ணினால், அதாவது அனுப்பினால், எந்த மெத்தட் என்ன கேட்கும், என்ன தரும் என்று வரிசையாகக் காட்டும். மற்ற ஷெல்களில் வெறும் எழுத்தாக வருவதை வெட்டி வெட்டி எடுக்க வேண்டும், இங்கே டெசிமல் எண் டெசிமல் எண்ணாகவே வருகிறது. வரிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

பெரிய குறை என்றால் ஃபைல் லாக்தான். இப்படி ஏற்றிய டி.எல்.எல்.லை அந்த செஷனில் இருந்து இறக்க வழியே இல்லை. கோடில் ஒரு வரி மாற்றி பில்டு கொடுத்தால் (டி.எல்.எல்.லைத் திரும்ப உருவாக்கினால்) ஃபைல் வேறு பிராசஸிடம் இருக்கிறது என்று நின்றுவிடும், விண்டோவை மூடித் திறந்தால்தான் ஆகும். ஃபைலை பைட்டுகளாகப் படித்து அசெம்ப்ளி லோடு (Assembly.Load) மெத்தடுக்குக் கொடுத்தால் லாக் ஆகாது, ஆனால் பழைய கோடு நினைவகத்தில் அப்படியே இருக்கும், நம் டி.எல்.எல். நம்பியிருக்கும் மற்ற டி.எல்.எல்.களையும் நாமே ஏற்ற வேண்டும். அதனால் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் புது பவர்ஷெல் பிராசஸைக் கிளப்பி அதற்குள் ஓட்டுவதுதான் நல்லது.

அப்புறம் வெர்ஷன். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 ஓடுவது பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் (டாட்நெட் என்பது சி ஷார்ப் கோடை ஓட்டும் தளம்), பவர்ஷெல் 7 ஓடுவது புது டாட்நெட்டில். டாட்நெட் 8-க்கு கம்பைல் பண்ணியதை 5.1-இடம் கொடுத்தால் ஏறாது. இரண்டுக்கும் பொதுவான டாட்நெட் ஸ்டாண்டர்டு 2.0-க்கு கம்பைல் பண்ணினால் இரண்டிலும் ஓடும், முடிந்தவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிழைச்செய்தி லோடர் எக்ஸெப்ஷன்ஸ் (LoaderExceptions) என்று சொன்னால் அந்தப் பிராப்பர்ட்டியைத் திறந்து பாருங்கள், எந்த ஃபைல் இல்லை என்பது அங்கேதான் இருக்கும். மெயிலில் வந்த டி.எல்.எல். 5.1-இல் அடம்பிடித்தால் வெளியிலிருந்து வந்த ஃபைலுக்கான தடையை நீக்கும் அன்பிளாக்-ஃபைல் (Unblock-File) போட்டால் சரி.

பவர்ஷெல் 2016-இல் ஓப்பன் சோர்ஸ் ஆகி லினக்ஸுக்கும் வந்துவிட்டது, காசு கிடையாது. கிண்டி ஆபீஸில் இருக்கும் உபுண்டு சர்வரில் அதே டி.எல்.எல்.தான் இப்போது ராத்திரி வேலைக்கு ஓடுகிறது. பாத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தை மட்டும் பார்த்துப் போடுங்கள்.