தஞ்சையில் கட்டண ஒளிர்வு அளவீட்டுச் சேவை: ஒரு மதிப்பீடு

கும்பகோணத்தில் உள்ள எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஜிங்க் நைட்ரேட்டும் ஹெக்ஸமினும் கரைந்த நீரை 90 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்துக் கண்ணாடித் தகட்டின் மீது வளர்த்த துத்தநாக ஆக்சைடு நானோ தண்டுகளை, ஐப்பசி மழையில் பேருந்தில் மடியிலேயே வைத்து, தஞ்சாவூரில் கட்டணம் பெற்று ஒளிர்வு அளவீடு (பொருளின் மீது ஒளி பாய்ச்சி, அது உமிழும் ஒளியை அலைநீளவாரியாகப் பதிவது) செய்து தரும் ஒரு மையத்திற்கு எடுத்துச் சென்றேன். முன்பதிவில் சிக்கல் இல்லை.

325 நானோமீட்டர் ஒளியால் தூண்டியபோது, ஏறத்தாழ 3.37 எலக்ட்ரான் வோல்ட் பட்டை இடைவெளி (எலக்ட்ரான்கள் தாவ வேண்டிய ஆற்றல் இடைவெளி) கொண்ட இப்பொருளுக்குரிய புற ஊதா முகடு 380 நானோமீட்டர் அருகே கூர்மையாகவும், படிகக் குறைபாடுகளால் எழும் பச்சை ஒளிர்வு அகன்றும் பதிவாயின. இவ்விரண்டின் விகிதம் தண்டுகளின் தரத்தை ஓரளவு காட்டிவிடும் என்பதால், அதுவரை எனக்குத் திருப்தியே.

ஆனால் 650 நானோமீட்டரில் நின்ற மெல்லிய முகட்டையும் குறைபாட்டு ஒளிர்வு என்றே அறிக்கையில் எழுதியிருந்தார்கள். தூண்டும் ஒளி சிதறி, ஒளியை அலைநீளங்களாகப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசையில் (அலைநீளம் இருமடங்காகத் தெரியும் இடத்தில்) விழுந்தால், அது சரியாக 325இன் இருமடங்கில்தான் தோன்றும். தூண்டும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்தி மீண்டும் எடுக்கச் சொன்னேன், முகடு மறைந்தது. அந்த வடிகட்டி மேசை இழுப்பறையில்தான் கிடந்தது!

மறு அளவீட்டுக்குக் கட்டணம் கேட்கவில்லை என்பதால் மீண்டும் செல்வேன்; ஆனால் வரைபடத்தோடு மூல எண் தரவையும் வாங்காமல் பேருந்து ஏற மாட்டேன்.