இன்னும் எத்தனை அடி தாங்கும்? போக்கிமான் போரில் நான்கு கணக்குகள்

போக்கிமான் வீடியோ கேமில் நான் தோற்ற போர்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "இது இன்னும் ஒரு அடி தாங்கும்" என்று நம்பிய டர்ன். போன மாதம்கூட அப்படி ஒன்று. ஷக்கிள் என்ற போக்கிமானை முதலில் இறக்கினேன், எதிரில் கார்சோம்ப் என்ற போக்கிமான். முதல் டர்னில் அது எர்த்குவேக் அடித்தது, நான் ஸ்டெல்த் ராக் (எதிரணியில் புதிதாக இறங்குபவர்களைக் குத்தும் கற்கள்) போட்டேன். அடுத்த டர்னில் ஸ்டிக்கி வெப் (இறங்குபவர்களின் வேகத்தைக் குறைக்கும் வலை) விரித்துவிட்டால் போதும், மூன்றாவது அடியில் விழுந்தாலும் பரவாயில்லை என்பது திட்டம். ஷக்கிளின் பேஸ் ஸ்பீடு (அந்த இனத்துக்கே உரிய அடிப்படை வேக எண்) 5, கார்சோம்ப்புக்கு 102. இரண்டாவது எர்த்குவேக் முந்திக்கொண்டு வந்தது, ஷக்கிள் அதிலேயே விழுந்தது. வலை விரிக்கவே இல்லை.

அந்த "மூன்று அடி" என் மனதுக்குள் எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான், நாம் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறோம் என்பது புரிந்தது. நான்கு வழிகளையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்த்தேன்.

அடிப்பது கார்சோம்ப், ஆட்டம் ஒற்றைப் போர், எல்லோரும் லெவல் 50. கார்சோம்ப்பின் அட்டாக்கில் 252 ஈவி (பயிற்சிப் புள்ளி) போட்டிருக்கிறது, நேச்சர் (ஒரு திறனைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம்) அதைத் தொடவில்லை. ஆக அட்டாக் 182. எர்த்குவேக்கின் பவர் 100. அடி வாங்குவது மூன்று பேர்: பிளிஸி, ஷக்கிள், ஸ்நார்லாக்ஸ். மூவருக்கும் ஐவி (பிறவிப் புள்ளி) 31, ஈவி எதுவும் போடவில்லை. கிரவுண்டு வகை அடி மூவருக்கும் சாதாரணமாகவே விழும். ஷக்கிளின் பக் வகை அதைப் பாதியாக்கும், ராக் வகை இரட்டிப்பாக்கும், இரண்டும் சேர்ந்து நேராகிவிடும். இப்படி வைத்துக்கொண்டால் வகைக் குழப்பம் இல்லாமல் தாங்கும் திறனை மட்டும் பார்க்கலாம்.

முதல் வழி, கூட்டல். பேஸ் ஹெச்பியையும் (உயிர்ப்புள்ளி) பேஸ் டிஃபென்ஸையும் கூட்டுவது. பிளிஸி 255 + 10 = 265. ஷக்கிள் 20 + 230 = 250. ஸ்நார்லாக்ஸ் 160 + 65 = 225. புதிதாக ஆட வருபவர்கள் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். இதன்படி பிளிஸிதான் முதலிடம். ஆனால் மேலே சொன்ன எர்த்குவேக் அந்த பிளிஸியை ஒரே அடியில் சாய்க்கும். மிகக் குறைந்த அடியே 340, பிளிஸியிடம் இருப்பது 330. இந்த வழியை விட்டுவிடச் சொல்வேன், இதைத் திருத்தி எடுக்க வழியில்லை.

ஏன் என்றால், ஆட்டத்தின் டேமேஜ் கணக்கில் டிஃபென்ஸ் கழிவதில்லை, வகுக்கிறது. லெவலிலிருந்து வரும் எண் (லெவல் 50-க்கு 22), பவர், அட்டாக் மூன்றையும் பெருக்கி, டிஃபென்ஸால் வகுத்து, மறுபடி 50-ஆல் வகுத்து, 2 கூட்டுவார்கள். பிறகு 85 முதல் 100 சதவீதம் வரை ஒரு குலுக்கல், சொந்த வகை அடி என்றால் (கார்சோம்ப்புக்கு கிரவுண்டு அப்படி) 1.5 மடங்கு, அப்புறம் எதிரியின் வகையைப் பொறுத்த மடங்கு. டிஃபென்ஸ் இரட்டிப்பானால் அடி ஏறக்குறைய பாதியாகும். அப்படியானால் எத்தனை அடி தாங்கும் என்பது ஹெச்பியையும் டிஃபென்ஸையும் பெருக்கினால்தான் தெரியும்.

இரண்டாவது வழி அதைத்தான் செய்கிறது, பேஸ் எண்களைப் பெருக்கி. ஸ்நார்லாக்ஸ் 10,400. ஷக்கிள் 4,600. பிளிஸி 2,550. பிளிஸி கடைசிக்குப் போனது சரி. ஆனால் ஸ்நார்லாக்ஸ் ஷக்கிளைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும் என்கிறதே, அது உண்மையா?

இல்லை. பேஸ் எண் என்பது நேரடியாகப் போருக்கு வருவதில்லை. லெவல் 50-ல் ஐவி 31 இருந்து ஈவி இல்லாவிட்டால், ஹெச்பியில் 75 கூடும், மற்றவற்றில் 20 கூடும். ஷக்கிளின் 20 ஹெச்பி 95 ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஸ்நார்லாக்ஸின் 160 வெறும் 235 ஆகிறது, ஒன்றரை மடங்குகூட இல்லை. சின்ன எண்ணுக்கு இந்த 75 பெரிய வரம். அதைக் கூட்டாமல் பெருக்கினால் ஷக்கிள் மாதிரியான ஆட்களுக்கு அநியாயம் நடக்கும்.

மூன்றாவது வழி, போரில் இருக்கும் நிஜ எண்களைப் பெருக்குவது.

ஷக்கிள்: 95 × 250 = 23,750
ஸ்நார்லாக்ஸ்: 235 × 85 = 19,975
பிளிஸி: 330 × 30 = 9,900

மூன்று வழிக்கும் மூன்று வேறு முதலிடம்! இந்தக் கடைசி வரிசைதான் சரி. இதே எண்ணிலிருந்து டர்ன் கணக்கும் வரும். இந்தக் கார்சோம்ப்பின் எர்த்குவேக்குக்கு 22 × 100 × 182-ஐ 50-ஆல் வகுத்து, 1.5-ஆல் பெருக்கி, குலுக்கலின் சராசரியான 0.925-ஆல் பெருக்கினால் 11,100 வாக்கில் வரும். அதால் வகுத்தால் ஷக்கிள் 2.14 அடி, ஸ்நார்லாக்ஸ் 1.80, பிளிஸி 0.89. அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றினால் மூன்று, இரண்டு, ஒன்று.

குழு அமைக்கும்போது இந்தப் பெருக்கல் தங்கம். ஈவியை எங்கே போடுவது என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லும். பிளிஸிக்கு 252 ஈவியை ஹெச்பியில் போட்டால் 362 × 30 = 10,860. அதையே டிஃபென்ஸில் போட்டால் 330 × 62 = 20,460. ஏறிய புள்ளி இரண்டிலும் 32-தான், பலனில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! டிஃபென்ஸில் போட்ட பிளிஸி இதே எர்த்குவேக்கில் ஒரு அடியில் விழாது, இரண்டு அடி கேட்கும். ஸ்பெஷல் அடிக்கும் இதே பெருக்கல்தான், டிஃபென்ஸுக்குப் பதில் ஸ்பெஷல் டிஃபென்ஸ். அங்கே வரிசை தலைகீழாகி பிளிஸி 330 × 155 என்று 51,150-ல் போய் உட்காரும்.

ஆனால் என்னை அன்று கவிழ்த்ததும் இதே மூன்றாவது வழிதான். 2.14 என்பதை "மூன்று அடி" என்று படித்தேன். உண்மையில் அந்தக் கடைசியில் கூட்டும் 2 ஷக்கிளை வெட்டுகிறது. வகுத்து வருவது 32, அதோடு 2 சேர்ந்தால் 34. ஸ்நார்லாக்ஸுக்கு 94-ல் இரண்டு கூடினால் ஒன்றும் தெரியாது. 32-ல் இரண்டு கூடினால் தெரியும். நிஜச் சராசரி அடி 46 என்று வருகிறது, 95-ஐ அதால் வகுத்தால் 2.06. கோட்டுக்கு ஒட்டி நிற்கிற எண் அது.

அங்கேதான் நான்காவது வழி வேண்டும்: சராசரியை விட்டுவிட்டு 85, 86 என்று 100 வரை உள்ள 16 குலுக்கலையும் தனித்தனியாகப் பார்ப்பது. டேமேஜ் கால்குலேட்டர்கள் செய்வது இதைத்தான். ஷக்கிள் மேல் எர்த்குவேக் விழும் அளவுகள் இவை: 42 ஒரு முறை, 43 மூன்று, 45 மூன்று, 46 மூன்று, 48 மூன்று, 49 இரண்டு, 51 ஒன்று. இரண்டு அடிக்கு 256 ஜோடிகள். அதில் 95-ஐத் தொடுபவை 60. அதாவது 23 சதவீதம். நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பை நான் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் கிரிட் (எப்போதாவது விழும் பலத்த அடி) சேரவில்லை. 7-ம் தலைமுறையிலிருந்து கிரிட் வாய்ப்பு 24-ல் ஒன்று, அடி 1.5 மடங்கு. இரண்டு அடியில் எது கிரிட் ஆனாலும் ஷக்கிள் இரண்டாவதில் முடிந்துவிடும். அதையும் சேர்த்தால் 30 சதவீதம். கால்குலேட்டர் காட்டும் விழுக்காட்டில் வழக்கமாக கிரிட் இருக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷக்கிள் கையில் லெஃப்ட்ஓவர்ஸ் என்ற ஐட்டத்தைக் கொடுத்திருந்தால்? ஒவ்வொரு டர்ன் முடிவிலும் ஹெச்பியில் 16-ல் ஒரு பங்கு திரும்பும். ஷக்கிளுக்கு அது 5. இந்த ஐந்து புள்ளி, 60 ஜோடியை 5 ஜோடியாக்கிவிடுகிறது. 23 சதவீதம் 2 ஆகிறது, கிரிட்டைச் சேர்த்தாலும் 10-தான். ஸ்நார்லாக்ஸுக்கு லெஃப்ட்ஓவர்ஸ் 14 தருகிறது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் ஒரு எர்த்குவேக் 121 முதல் 144 வரை எடுப்பதால், இரண்டாவது அடியைத் தாண்டும் வாய்ப்பு பூஜ்யத்திலிருந்து 5 சதவீதத்துக்குத்தான் ஏறுகிறது. எத்தனை புள்ளி கூடியது என்பதைவிட, அந்தப் புள்ளி எந்தக் கோட்டைத் தாண்ட வைத்தது என்பதே முக்கியம். இந்த விஷயத்தைப் பெருக்கல் கணக்கு காட்டவே காட்டாது.

நான்காவது வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. எதிரியின் ஐட்டம் நமக்குத் தெரியாது. அட்டாக்கை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் பேண்ட் மாட்டியிருந்தால் அதே எர்த்குவேக் 63 முதல் 75 வரை விழும், இரண்டு அடியில் கதை முடிந்தது. இரட்டைப் போர் என்றால் எர்த்குவேக் பலரைத் தாக்கும்போது முக்கால் பங்காகக் குறையும். டாக்ஸிக் என்ற விஷம் பட்டிருந்தால் ஹெச்பி, டிஃபென்ஸ் எதுவும் பேசாது: 16-ல் 1, 2, 3 என்று ஏறி, வேறு அடியே இல்லாவிட்டாலும் ஆறாவது டர்ன் முடிவில் விழ வேண்டியதுதான். பிளிஸியின் சாஃப்ட்பாய்ல்டு பாதி ஹெச்பியைத் திருப்பித் தரும். பாதிக்குக் குறைவான அடிகளை அது கிரிட் விழும் வரையோ பிபி (ஒரு மூவைப் பயன்படுத்தக்கூடிய தடவைகள்) தீரும் வரையோ தாங்கிக்கொண்டே இருக்கும், அங்கே "எத்தனை டர்ன்" என்ற கேள்விக்கே பொருள் மாறிவிடுகிறது.

ஆக, குழு அமைக்கும்போது மூன்றாவது, போருக்கு முன் நான்காவது என்று வைத்திருக்கிறேன். போருக்கு நடுவே நான்காவதைச் சுருக்கிப் பயன்படுத்தலாம். நம் போக்கிமானின் ஹெச்பி நமக்கு எண்ணாகவே தெரிகிறது, முதல் அடி விழுந்த பிறகு அதைப் படித்தால் போதும். 42 முதல் 51-க்குள் குறைந்திருந்தால் சாய்ஸ் பேண்ட் இல்லை. 42 அல்லது 43 குறைந்திருந்தால் குறைந்தது 52 மிச்சம், அடுத்த அடி கிரிட் ஆனால் ஒழிய விழாது. 51 குறைந்திருந்தால் மிச்சம் 44, அடுத்த அடியில் விழ 16-ல் 12 வாய்ப்பு.

அன்றைக்கு முதல் அடி முடிந்ததும் திரையில் மிச்சம் 46 என்று இருந்தது. அடுத்த எர்த்குவேக்கில் விழ 16-ல் 9. அந்த நேரத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 30 சதவீதம் என்பதை முன்பே கணக்குப் பார்த்திருந்தால், அந்தக் குழுவுக்கு உயிரான ஸ்டிக்கி வெப்பை முதல் டர்னிலேயே விரித்துவிட்டு, ஸ்டெல்த் ராக்கை இரண்டாவதுக்குத் தள்ளியிருப்பேன். இப்போது அப்படித்தான் ஆடுகிறேன், ஷக்கிளின் கையில் லெஃப்ட்ஓவர்ஸோடு.