லேடெக்ஸ் ஸ்லைடில் 346.8 வராது: கடலூரில் ஏஎஸ்ஓ டெஸ்ட் எடுப்பவர்கள் கவனிக்க

பிள்ளைக்குக் கால்வலி என்று கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் லேபுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கடலூர் நகரில் ஒரு தனியார் லேப். 9 வயதுப் பையனைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, மூட்டு வீக்கம் இல்லை. விளையாடிவிட்டு வந்த பிறகு சாயங்காலத்தில் இரண்டு காலிலும் வலி, அவ்வளவுதான். டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமலே ‘மூட்டுவலி பேக்கேஜ்’ என்று 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆர்ஏ ஃபேக்டர், சிஆர்பி, யூரிக் ஆசிட், ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோனதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்) நான்கையும் எடுத்திருக்கிறார்கள். மற்ற மூன்றும் நார்மல். ஏஎஸ்ஓ மட்டும் தடித்த எழுத்தில் 346.8, பாசிட்டிவ். “இது ஹார்ட்டுக்குப் போயிடும், 21 நாளைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போடணும்” என்று கவுன்டரிலேயே சொல்லி, எந்த கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘முறை: லேடெக்ஸ் ஸ்லைடு’ என்று இருந்தது. குட்டு உடைந்தது அங்கேதான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வெளியிடும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் ஏஎஸ்ஓ டெஸ்ட் தேடுகிறது. ஸ்லைடு முறையில் 50 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), அதன்மேல் ஒரு துளி லேடெக்ஸ் ரீஏஜென்ட் (அந்த நச்சு பூசிய நுண்துகள்கள் கலந்த பால் போன்ற திரவம்). குச்சியால் கலந்து, 2 நிமிடம் ஸ்லைடை ஆட்டி, உடனே பார்க்க வேண்டும். மணல்மணலாகத் திரண்டால் 200 யூனிட்டோ அதற்கு மேலோ இருக்கிறது. திரளாமல் பால் போலவே இருந்தால் நெகட்டிவ். எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சீரத்தை 0.9 சதவீத உப்புநீரில் 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு என்று நீர்க்க வைத்து, ஒவ்வொன்றையும் திரும்பச் செய்து, கடைசியாகத் திரண்ட மடங்கை 200 ஆல் பெருக்க வேண்டும். ஆகவே விடை 200, 400, 800, 1600 என்றுதான் வரும். இடைப்பட்ட எண்ணுக்கே வழியில்லை, தசமப் புள்ளிக்கு எங்கே போவது? 346.8 போன்ற எண்ணைத் தருவது டர்பிடிமெட்ரி, நெஃபலோமெட்ரி போன்ற மெஷின் முறைகள். ஸ்லைடு என்று எழுதிவிட்டு அந்த எண்ணைப் போட்டால், அது யாரோ கீபோர்டில் தட்டிய எண்.

வீட்டுக்காரர்கள் போய்க் கேட்டதும் “பிரிண்ட் மிஸ்டேக்” என்று வேறு காகிதம் கொடுத்தார்கள். அதே சாம்பிள் நம்பர், அதே தேதி, அதே நேரம். எண் மட்டும் 400. நான்கு நாள் கழித்துப் புதுச்சேரியில் மெஷினில் பார்த்தபோது 118. முறை மாறினால் எண் கொஞ்சம் மாறத்தான் செய்யும், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த எதிர்ப்பொருள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறங்குவது. நாலு நாளில் 400-லிருந்து 118 ஆகாது.

ஏமாற்றும் எண்ணமே இல்லாத லேபிலும் ஸ்லைடு தவறலாம். 2 நிமிடம் தாண்டிப் பார்த்தால் ஓரம் காய்ந்து திரண்டது போலத் தெரியும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு வந்தவரின் சீரம் கலங்கலாக இருந்தாலும், சிவப்பணு உடைந்திருந்தாலும், கிருமி சேர்ந்திருந்தாலும் பொய் பாசிட்டிவ் வரும். ரீஏஜென்ட்டை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். சின்ன ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனால் லேடெக்ஸ் தானாகவே திரியும். அப்படித் திரிந்த பாட்டில், நெகட்டிவ் கன்ட்ரோலையும் (நெகட்டிவ் என்று முன்பே தெரிந்த மாதிரி) கூடவே போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். துளி மிச்சம் பிடிக்கிறோம் என்று கன்ட்ரோலைப் போடாத இடங்கள் உண்டு. அதனால் “இன்றைக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் போட்டீர்களா?” என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு லேப் பாருங்கள்.

எண் சரியாகவே இருந்தாலும் அது நோயின் பெயர் அல்ல. தொண்டையில் தொற்று வந்து 1 முதல் 3 வாரத்தில் ஏறத் தொடங்கி, 3 முதல் 5 வாரத்தில் உச்சத்துக்குப் போய், இறங்க 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தொண்டைப் புண் வருவதால், நோயே இல்லாத பிள்ளைக்கும் 200-ஐத் தாண்டி நிற்பது சகஜம். பெரியவர்களுக்கான 200 என்ற எல்லையை 9 வயதுப் பையனின் ரிப்போர்ட்டில் அச்சடிப்பதே முதல் கோளாறு. கவுன்டரில் பயமுறுத்தியது ருமாட்டிக் காய்ச்சலைச் சொல்லித்தான், அதாவது இந்தக் கிருமியின் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு வந்து மூட்டையும் இதயத்தையும் பாதிக்கும் நோய். அதை டாக்டர் முடிவு செய்வது ஜோன்ஸ் விதிகளை வைத்து: இதயப் பாதிப்பு, மூட்டு வீக்கம், உடல் தானாக ஆடுவது, தோலில் வளையத் தடிப்பு, தோலடி முடிச்சு. ஏஎஸ்ஓ அதில் சாட்சி மட்டுமே, அதாவது கிருமி வந்துபோனதற்கு. அந்தப் பெனிசிலின் ஊசியை ஆரம்பித்தால் குறைந்தது 5 வருடம் போட வேண்டியிருக்கும். அதை ஒரு லேப் கவுன்டர் தீர்மானிப்பது அநியாயம்.

அதேபோல், வால்வு பாதிப்பு உறுதியாகி ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ஏஎஸ்ஓ குறைந்துவிட்டது என்று நிறுத்தவும் கூடாது. இதயத்தில் சந்தேகம் என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) தான் பார்க்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு கோரிமேடு ஜிப்மர் எட்டும் தூரம்தான்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டும் ஏமாற்றும். சிரங்கு வந்த பிள்ளைக்கு முகம் வீங்கி, சிறுநீர் டீ நிறத்தில் போனால் (இந்தக் கிருமிக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம்), ஏஎஸ்ஓ சாதாரணமாக இருக்கிறது என்று ஆறுதல் அடையாதீர்கள். தோலில் உள்ள கொழுப்பு அந்த நச்சைச் செயலிழக்க வைப்பதால் தோல் தொற்றில் ஏஎஸ்ஓ சரியாக ஏறாது. அங்கே கேட்க வேண்டியது ஆன்டி டிஎன்ஏஸ் பி, அதே கிருமிக்கு எதிரான இன்னொரு எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட். சின்ன லேப்கள் அதை வெளியே அனுப்பித்தான் செய்வார்கள். செய்த லேபின் பெயர் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

திரும்ப எடுப்பதானால் 2 முதல் 4 வாரம் கழித்து, அதே லேபில், அதே முறையில். ஸ்லைடில் 200 அடுத்த முறை 400 ஆனால் அது ஒரு படி வித்தியாசம், சோதனையின் வழக்கமான தடுமாற்றம். 800 ஆனால் கவனிக்க வேண்டும்.

என்ஏபிஎல் (லேப்களுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரை இருந்தாலும், அது எல்லா டெஸ்டுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தெந்த டெஸ்டுக்கு அங்கீகாரம் என்று தனிப்பட்டியல் உண்டு, ஏஎஸ்ஓ அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு ரிப்போர்ட்டையும் பில்லையும் விடாமல் வைத்திருங்கள். தெர்மல் பில் வெளுத்துவிடும், அன்றே போட்டோ எடுங்கள். திருத்திய ரிப்போர்ட் கொடுக்கும்போது பழையதைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் லேப் பதிவு 1997 மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வருகிறது, கடலூரில் மனு கொடுக்க வேண்டியது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம். புதுச்சேரி லேபுக்கு அந்தச் சட்டம் செல்லாது. நுகர்வோர் ஆணையம் இரண்டு பக்கமும் உண்டு: சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.