படுவான்கரை வயல்களில் பருந்து எண்ண ஒரு 8×42 தொலைநோக்கி

ஒக்டோபர் பிறந்து பெரும்போக விதைப்புத் தொடங்கியதும், மண்முனைப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சென்று, வடக்கிலிருந்து வலசை வரும் பருந்துகளை எண்ணுவது என் வழக்கம். முன்பு 10×42 தொலைநோக்கி, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீற்றர் அகல முன்வில்லை கொண்ட ஒன்றை வைத்திருந்தேன். கடந்த இரண்டு பருவங்களாக 8×42 பயன்படுத்துகிறேன். நம் பகுதிக்கு எட்டு மடங்கே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1934 இல் தொடங்கப்பட்ட ஹோக் மவுண்டன் சரணாலயத்தில் மலைமுகட்டில் அமர்ந்து எண்ணுபவர்கள், வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து செல்லும் பருந்துகளைத் தொலைவிலேயே கண்டுகொள்ள வேண்டும். அங்கே பத்து மடங்கு கைகொடுக்கும். நிலத்தின்மேல் எழுவதுபோல் கடலின்மேல் வெப்பக் காற்று வலுவாக எழுவதில்லை. ஆகவே தீவான நம் நாட்டுக்கு வருபவற்றுள் இறக்கையடித்தே கடலைத் தாண்டவல்ல பூனைப்பருந்துகளும் மீனுண்ணும் விராலடிப்பானும் முக்கியமானவை. பூனைப்பருந்து வயலை ஒட்டித் தாழப் பறந்து, வரம்போரத்தில் சட்டெனத் திரும்பும். பத்து மடங்கின் குறுகிய பார்வை வட்டத்திலிருந்து அது நழுவிவிடும். கைநடுக்கமும் அதில் பெரிதாகத் தெரியும். எட்டு மடங்கில் திருப்பம் முழுவதும் கண்ணுக்குள் நிற்கிறது.

எண்ணிக்கை பிழைக்காமல் இருப்பதும் இதனால்தான். ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் செம்பருந்தின் இளம்பறவை கபில நிறமாக இருப்பதால், சேற்றுப் பூனைப்பருந்தென்று எளிதில் கணக்கில் ஏறிவிடும். பின்னதன் நீண்ட வாலையும், மிதக்கும்போது இறக்கைகள் சற்றே மேல்நோக்கி நிற்பதையும் நிதானமாகப் பார்க்க நேரம் வேண்டும். மேலும், இங்கு வந்த பறவை தங்கி இரை தேடுவதால், ஒன்றையே மூன்று முறை எண்ணும் ஆபத்துண்டு. ஆணின் சாம்பல் இறக்கையையும் பெண்ணின் வெளிறிய தலையையும் பிரித்தறிந்து நேரத்தோடு எழுதிக்கொள்வேன். பல பறவைகள் ஒன்றாக அடையும் சதுப்பில் மாலையில் எண்ணுவதே சாலச் சிறந்தது. அந்த மங்கலில்தான் 42 மில்லிமீற்றர் வில்லையின் அருமை தெரிகிறது: கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் எட்டு மடங்கில் 5.25 மில்லிமீற்றர், பத்தில் 4.2 மட்டுமே.

குறைகளும் உண்டு. மூன்று மணி நேரத்தில் கழுத்து நோகிறது. தோள்பட்டி வாங்கி மாட்டினேன். வாவியின் நடுவே கம்பில் அமர்ந்த விராலடிப்பானைத் தெளிவாகப் பார்க்க இது போதாது. அதற்கு முக்காலியில் பொருத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கியே வேண்டும். கடற்காற்றின் உப்பும் மணலும் வில்லையில் படிந்தால், ஊதி அகற்றாமல் துடைக்கவே கூடாது.

வாங்குமுன் கடைவாசலில் நின்று, பறக்கும் காகமொன்றைத் தெருமுனைவரை தொடர்ந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்வளையத்தை உள்ளே திருகிவிட்டு, வட்டம் முழுவதும் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.