முழங்காலைத் திருப்பிப் பார்த்த டாக்டர்: சிம்மக்கல் கிளினிக் அனுபவம்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது இந்த எலும்பு மருத்துவர் கிளினிக். ஏறுவதற்கு 22 படிகள், லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியோடு வருகிறவனை மாடி ஏறச் சொல்லும் புத்தியை என்னவென்பது? படிக்கு ஒரு வசவு வைத்துக்கொண்டுதான் முதல் தடவை ஏறினேன்.

எனக்கு வயது 52. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் 27 வருடமாகப் பட்டுப் பிரிவில் இருக்கிறேன். மெத்தையில் சம்மணமிட்டுச் சேலை விரித்துக் காட்டுவது, கேட்ட நிறத்துக்கு எழுந்து அலமாரிக்குப் போவது என்று முகூர்த்த சீசனில் நாளுக்கு நூறு தடவையாவது உட்கார்ந்து எழுவேன். மீதி நேரம் நிற்பதுதான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது எங்கள் மாடிக்கும் நான்கு ஸ்டூல் வந்தது. பெரும்பாலும் அவற்றில் வாடிக்கையாளர்களின் பைகள் உட்கார்ந்திருக்கின்றன.

தை மாதம் தொடங்கியது வலி. வலது முழங்காலின் பின் மடிப்பில், உள்ளே துணியைச் சுருட்டித் திணித்ததுபோல் ஓர் அடைப்பு. காலை நேராக்கி நின்றால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு கெட்டியாகத் தெரியும். லேசாக மடக்கினால் மெத்தென்று ஆகிவிடும். வீட்டில் வாயு என்றார்கள். முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே முட்டியின் முன்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினார்கள், படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், தேய்மானம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பின்னால் வலிக்கிறது என்று நான் சொன்னது சீட்டில் எங்கும் ஏறவில்லை.

நானாகவே 650 ரூபாய்க்கு ஒரு முட்டி உறை வாங்கி மாட்டிக்கொண்டேன். நெசவு நல்ல நெசவு, துவைத்தாலும் தளரவில்லை. ஆனால் அளவெடுக்காமல் வாங்கியது என் தப்பு. உறையின் ஓரம் மடிப்புக்குள் வெட்டி, மாலையானால் பாதம் வீங்கியது.

மாசியில் ஒரு ராத்திரி, படுக்கையிலிருந்து எழும்போது மடிப்புக்குள் ஏதோ விட்டுப்போனது. வெந்நீர் இறங்குவதுபோல் கெண்டைக்கால் முழுக்கச் சூடு. விடிந்து பார்த்தால் கெண்டைச் சதை உருண்டு, தோல் பளபளவென்று இறுகியிருந்தது. எண்ணெய் போட்டு நீவிவிட ஆளைக் கூப்பிடுவதாக என் மனைவி கிளம்பிவிட்டார். அந்த ஆள் அன்றைக்கு ஊரில் இல்லை. அதுவே என் அதிர்ஷ்டம் என்று மாலையில் தெரிந்தது.

அன்று மாலை சிம்மக்கல் கிளினிக்கில் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் என் முழங்காலின் பின்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். நீண்ட பயணம் போனீர்களா, அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே மடிப்பிலும் பாதத்தின் மேலும் நாடி பார்த்தார். துடிக்கிற புடைப்பாக இருந்தால் அது ரத்தக்குழாயின் வீக்கமாக இருக்கலாம், அதில் ஊசி வைக்கக் கூடாது என்றார். மல்லாந்து படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே தூக்கி, இடுப்பு நரம்பிலிருந்து வரும் வலியா என்று சோதித்தார். பிறகு நாடா எடுத்தார். முட்டிக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, இரண்டு கெண்டைக்காலையும் ஒரே இடத்தில் அளந்தார். நாடாவை இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடித்த விதம் ஜவுளிக்கடைக்காரனான எனக்கே பிடித்திருந்தது. வலது கால் மூன்றரை சென்டிமீட்டர் கூடுதல்.

அந்தப் புடைப்பு நீர்க்கட்டியாக இருந்து உடைந்திருக்கலாம், அல்லது கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கையால் சொல்ல முடியாது என்றார். உறைவாக இருந்து நீவிவிட்டிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். அன்று இரவே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், 1,800 ரூபாய். ஸ்கேன் எடுத்தவர் கருவியால் அழுத்தி அழுத்தித் திரையைக் காட்டினார். அழுத்தும்போது அந்தக் குழாய் தட்டையாக மூடிக்கொண்டால் உள்ளே உறைவு இல்லை. என்னுடையது ஒழுங்காக மூடிக்கொண்டது. உடைந்தது நீர்க்கட்டிதான்; அதன் நீர் கெண்டைச் சதைகளுக்கு இடையே இறங்கியிருந்தது. நான்காம் நாள் கணுக்காலுக்குக் கீழே பிறைபோல் ஒரு கருநீலம் வந்தது. வந்தால் பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்.

இதற்கு பேக்கர் கட்டி என்று பெயர். வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1877-ல் எழுதியதால் வந்த பெயராம். கட்டியை நோய் என்று நினைக்காதீர்கள், மூட்டுக்குள் கோளாறு இருந்தால் நீர் அதிகம் சுரக்கும், அது பின்பக்கப் பைக்குள் தள்ளப்பட்டுத் திரும்பி வர முடியாமல் தேங்கும் என்றார். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரியா என்று கேட்டேன், சிரித்தார். அந்தக் கோளாறு தேய்மானமாகவும் இருக்கலாம், ஜவ்வுக் கிழிசலாகவும் இருக்கலாம், வாத மூட்டு அழற்சியாகவும் இருக்கலாம். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார். மூட்டு எலும்புகளுக்கு நடுவே உட்புற இடைவெளி குறுகியிருந்தது. படுத்து எடுத்த படத்தில் இடைவெளி இவ்வளவு குறைந்து தெரியவில்லை. ஆக, தேய்மானம் என்று முதலில் சொன்னது பொய்யில்லை. அதோடு நிறுத்தியதுதான் குறை. முட்டி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் எம்.ஆர்.ஐ. பார்க்கலாம், இப்போது வேண்டாம் என்று அவரே சொன்னார்.

ஆறு வாரம் தரையில் உட்காரக் கூடாது. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சி, வீக்கம் வடியும்வரை உறைக்கு ஓய்வு. ஊசி வைத்து நீரை எடுக்கலாமே என்றேன். மூட்டைக் கவனிக்காமல் எடுத்தால் மறுபடியும் சேரும் என்றார். கடையில் கெஞ்சி, கவுன்ட்டர் உள்ள பிரிவுக்கு மாறிக்கொண்டேன். பைகளை இறக்கிவிட்டு ஒரு ஸ்டூலையும் கைப்பற்றினேன். இப்போது புடைப்பு நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. வலி படியில் இறங்கும்போது மட்டும்.

குறைகளும் உண்டு. ஆறு மணி டோக்கனுக்கு எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். காத்திருக்கும் இடத்தில் பெஞ்சு அவ்வளவு தாழ்வு; உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். பயிற்சித் தாளை ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள், எனக்கு டாக்டர் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். கட்டணம் 400 ரூபாய், மறு வருகைக்கு ஒரு வாரம்வரை வாங்குவதில்லை.

மாடி ஏற முடியாதவர்கள் கீழே மருந்துக்கடையில் சொன்னால் டாக்டரே இறங்கி வந்து பார்க்கிறார். இது எனக்கு மூன்றாவது தடவை போனபோதுதான் தெரிந்தது. படிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் மாட்டவில்லை.