குறும்பட்டியல் முழுவதுமா, பரிசு பெற்ற நூல் மட்டுமா?

அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதில் ஒவ்வொரு பிரிவுக்கும் முதலில் 10 நூல்களின் நெடும்பட்டியலும், பின்னர் 5 நூல்களின் குறும்பட்டியலும் வெளியாகின்றன. நவம்பரில் ஒரு நூல் பரிசு பெறுகிறது. அந்த ஒன்றை மட்டும் வாசிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். குறும்பட்டியலை முழுவதும் வாசிப்பவருக்கோ, நடுவர்கள் எவற்றுக்கிடையே தயங்கியிருக்கக்கூடும் என்பது புலப்படுவதோடு, அவர்களுடன் உடன்படவோ முரண்படவோ தேவையான ஆதாரமும் கிடைக்கிறது. 2018இல் மொழிபெயர்ப்பு இலக்கியத்துக்கு மீண்டும் தனிப்பிரிவு அமைந்த பிறகு இவ்வேறுபாடு எனக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. ஏனெனில், அங்கே 4 நூல்களை விட்டுவிடுவது, அவற்றை மொழிபெயர்த்தவர்களின் உழைப்பையும் அறியாமல் விடுவதாகும். நான் நேசித்த நூல் நெடும்பட்டியலோடு நின்றுபோனதற்காக வருந்தியிருக்கிறேன் (அந்த வருத்தம் எளிதில் ஆறுவதில்லை). ஆயினும் குறும்பட்டியலையே தேர்ந்தெடுப்பேன்.